நிறுத்தி வைத்த சில்லர் ஏன் கெடுகிறது? செட்டிநாட்டு ஆலைகளுக்கு ஒரு விளக்கம்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டை வட்டாரத்து ஆலைகளையும் கிடங்குகளையும் சுற்றி வருபவர் கண்ணில், ஓடாமல் நிற்கும் குளிரூட்டும் இயந்திரம் ஒன்றாவது படும். நூல் வியாபாரம் படுத்ததால் ஒரு பகுதியை மூடிவிட்ட நூற்பாலையில் ஒரு சில்லர், அதாவது ஆலையைக் குளிர்விக்கத் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம், நிற்கும். பழைய விலைக்குக் கிடைத்தது என்று கோயம்புத்தூரிலிருந்து லாரியில் ஏற்றி வந்த இன்னொன்று, கட்டட வேலை முடியாததால் தார்ப்பாய்க்குள்ளேயே இரண்டு மழைக்காலத்தைப் பார்த்திருக்கும். பங்காளிகளுக்குள் பாகம் பிரியாமல் பூட்டிக் கிடக்கும் குளிர்பதனக் கிடங்கில் வாயுவை அழுத்தும் கம்ப்ரெசரும், அந்த வாயுவை ஆற்றித் திரவமாக்கும் கண்டென்சரும் இருந்த இடத்திலேயே இருக்கும். கேட்டால் உரிமையாளர் சொல்வது ஒன்றுதான்: "ஓடவே இல்லையே, அது என்ன ஆயிடப் போகுது?"

நிறையவே ஆகிறது. மூன்று வருடம் நின்ற சில்லரை ஒரு நல்ல நாளில் ஓட்டுகிறார்கள். மோட்டார் சுற்றுகிறது, கேஜ் முள் நகர்கிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில மணி நேரத்தில் ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் போல வெள்ளை தெரிகிறது. தண்ணீர், குளிர்பதன வாயு ஓடும் பக்கத்துக்குள் போய்விட்டது. நின்ற காலத்தில் செம்புக் குழாய் ஒன்றில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. அந்தக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான். அந்த ஒற்றை ஓட்டையால் கம்ப்ரெசரும் போகும், ஆயிலும் போகும், வாயுவும் போகும்.

பூட்டிய வீட்டைக் காப்பது எப்படி என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னையிலும் மலேசியாவிலும் குடியிருக்கும் நகரத்தார் குடும்பங்கள் ஊர் வீட்டுக்கு ஆள் போட்டிருப்பது, கட்டுக் கட்டாகக் கதவைத் திறந்து காற்றாட விடவும், மழைக்கு முன்னால் ஓடு பார்க்கவும்தான். ஆள் இல்லாத வீடு ஆள் இருக்கும் வீட்டைவிடச் சீக்கிரம் விழும் என்பது இங்கே எல்லோரும் கண்ணால் கண்டது. அதே கவனத்தை ஷெட்டில் நிற்கும் இயந்திரத்துக்கும் கொடுக்க வேண்டும்.

பாதித் தண்ணீர்தான் பகை

துரு என்பது மின்வேதி வினை. அதாவது, உலோகத்தின் மேலேயே ஒரு சின்ன பேட்டரி உருவாகிறது. ஒரு இடம் கரைகிறது, பக்கத்து இடம் கரையாமல் தப்புகிறது. இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை விட்டுப் பார்த்தால் இது தெரியும். கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற அறிவியலாளர் 1920களில் செய்து காட்டிய சோதனை இது. சொட்டின் ஓரத்துக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. நடுவில் ஆக்சிஜன் குறைவு. அரிப்பு வருவது ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில்தான். ஆக்சிஜன் ஏற்றத்தாழ்வாக இருக்கும் இடமெல்லாம் இப்படி ஒரு பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும்.

இந்தத் துறையைப் படிக்க இந்தியாவில் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்ததுதான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். ஊர் வழக்கில் சிக்ரி. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அரிப்பைப் பற்றிய ஆய்வு அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. கடற்காற்று உலோகத்தை எப்படித் தின்கிறது என்று பார்க்க மண்டபத்தில் தனிச் சோதனை நிலையமே வைத்திருக்கிறார்கள். அந்த வளாகத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இயந்திரங்கள் கேட்பாரற்றுத் துருப்பிடித்து நிற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

சொட்டு நீர்ச் சோதனையை இனி கண்டென்சருக்குள் வைத்துப் பார்க்கலாம். அதன் உருளைக்குள் வரிசையாகப் போகும் செம்புக் குழாய்களில் தண்ணீர் ஓடும், குழாய்களுக்கு வெளியே குளிர்பதன வாயு இருக்கும். வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, "காலி பண்ணியாச்சு" என்று மூடிவிடுகிறார்கள். வடிகால் துளை எப்போதும் ஆக அடிமட்டத்தில் இருக்காது. நீளமான குழாய்கள் நடுவில் மிக லேசாகத் தொய்ந்திருக்கும். ஆகவே கீழ் வரிசைக் குழாய்களில் தண்ணீர் தங்கிவிடும். ஒரு வருடம் கழித்து எண்ட் கவரின் (கண்டென்சரின் முனை மூடி) போல்ட்டுகளைக் கழற்றி இறக்கும்போது முதலில் முகத்தில் அடிப்பது அழுகிய முட்டை வாடை. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியா, தண்ணீரிலுள்ள சல்பேட்டைத் தின்று வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், குழாய்களின் வாய்கள் தேன்கூடு போல வரிசையாகத் தெரியும் இரும்புத் தகட்டின் குறுக்கே, ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மங்கிய செம்பு, உலர்ந்து, ஏறக்குறைய நல்ல நிலையில். கோட்டுக்குக் கீழே காவிச் சேறு. சேற்றைக் கத்தி முனையால் சுரண்டினால் அடியில் கறுப்பு. கறுப்பையும் சுரண்டினால் செம்பில் பள்ளம். செம்பும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், குழாயைச் சுற்றி இரும்புத் தகடு தனியாகக் குழிந்திருக்கும். இரு உலோகங்களுக்கிடையே ஓடும் அந்தப் பேட்டரியில் தோற்பது இரும்பு.

எனவே, நீண்ட நாள் நிறுத்தி வைப்பதில் ஒரே ஒரு முடிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒன்று, முழுக்க உலர்த்த வேண்டும். இல்லையென்றால் காற்றுக்கே இடமில்லாமல் முழுக்க நிரப்பி, மருந்து கலந்து, அவ்வப்போது சுற்ற விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் வேலைக்கு ஆகாது. நம் ஷெட்டுகளில் நடப்பது பெரும்பாலும் அந்த நடுவில் உள்ளதுதான்.

ஐப்பசி மழையும் தார்ப்பாயும்

வெளிநாட்டுக் கம்பெனிகளின் கையேடுகளில் நிறுத்தி வைப்பது என்ற அத்தியாயத்தைத் திறந்தால், பாதிப் பக்கம் தண்ணீர் உறைந்து குழாய் வெடிப்பதைப் பற்றி இருக்கும். செட்டிநாட்டில் அந்தக் கவலை இல்லை. நம் கவலை காற்றிலுள்ள ஈரம்.

ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று ஏறுகிறது என்பது 1930களிலேயே கண்டறியப்பட்டது. உப்புப் படிந்த இரும்புக்கு அந்த அளவுகூடத் தேவையில்லை. சாதா உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில்தான் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையும். ஆனால் கடல் உப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் ஐஸ் ஃபேக்டரிகளிலிருந்து கழற்றி வந்த பழைய கண்டென்சரை வாங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவாமல் பெயின்ட் அடித்து நிறுத்தினால், பெயின்ட்டுக்கு அடியிலேயே துரு நடக்கும்.

செட்டிநாடு வறண்ட சீமை. வருடத்தில் பல மாதம் பகல் வெயிலில் ஈரப்பதம் தாழ்ந்துதான் இருக்கும். அதனால்தான் ஏமாந்து போகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் காற்று நனைந்தே இருக்கும். ஒரு சின்னக் கணக்கு: 35 டிகிரி வெப்பத்தில் 60 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. அதே காற்று விடியற்காலை 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் 22 கிராமுக்கு மேல் தாங்காது. மிச்சம் 2 கிராம் உலோகத்தின் மேல் வியர்க்கும். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் மூடிய இயந்திரத்துக்குள் காற்று பகலில் விரிந்து வெளியே போகிறது, இரவில் சுருங்கும்போது புதுக் காற்று ஈரத்தோடு உள்ளே வருகிறது. தினமும் ஒரு மூச்சு. சில மாதத்தில் தேங்கிய தண்ணீரே சேர்ந்துவிடும்.

தார்ப்பாய் இந்த விஷயத்தில் நண்பன் போல வரும் எதிரி. தரை வரைக்கும் இழுத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால் மண்ணின் ஈரம் முழுவதும் உள்ளேதான் ஏறும். வெயில் பட்டதும் தார்ப்பாயின் உட்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பதைக் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் தெரியும். இயந்திரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, மரக்கட்டையோ கான்கிரீட் மேடையோ கொடுத்து வைக்க வேண்டும். அடியில் தடித்த பாலித்தீன் விரிக்க வேண்டும். தார்ப்பாயைக் கூரை மாதிரி மேலே தூக்கிக் கட்டி, பக்கவாட்டில் காற்றுப் போக இடம் விட வேண்டும். முடிந்தால் தார்ப்பாயே வேண்டாம். மழைச் சாரல் அடிக்காத, ஒழுகாத கூரை போதும்.

உலர்த்துவதா, நிரப்புவதா?

ஓரிரு மாதத்தில் திரும்ப ஓட்டப் போகிறோம் என்றால் நிரப்பி வைப்பது நல்லது. அதற்கு மேல் போகும், அல்லது எப்போது என்றே தெரியாது என்றால் கண்டென்சர் பக்கத்தை உலர்த்திவிட வேண்டும்.

உலர்த்துவதில் அவசரம் உதவாது. கண்டென்சரில் சூடான தண்ணீரைக் காற்றில் ஆற்றும் கூலிங் டவர் வழியாகச் சுற்றிய தண்ணீர் ஆவியாகி ஆவியாகி உப்பு ஏறியது. போர்வெல் தண்ணீரை நம்பி இருக்கும் ஆலைகளில் கேட்கவே வேண்டாம். அதை வடித்து அப்படியே காய விட்டால் உப்பு குழாய்க்குள் படியும். முன்பு சொன்னபடி அந்த உப்பே பிறகு ஈரத்தை இழுக்கும். ஆகவே முதலில் எண்ட் கவர்களைத் திறந்து, நைலான் பிரஷ்ஷை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுத்து, உள்ளே படிந்ததை எடுக்க வேண்டும். பிறகு உப்புக் குறைந்த நல்ல தண்ணீரால் அலச வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக, ஆயில் கலக்காத உலர்ந்த காற்றை ஊத வேண்டும். மறுமுனையில் வெள்ளைத் துணியைப் பிடித்தால், துணி நனையாமல் வரும் வரை ஊத வேண்டும். இருநூறு, முந்நூறு குழாய் உள்ள கண்டென்சரில் இது ஒரு நாள் வேலை. இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் பிறகு குழாய் மாற்றும் செலவில் விழுகிறார்கள்.

உலர்ந்த பிறகு கவரை மூடும்போது உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைக்கலாம். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குவது நல்லது. பழைய நீல நிற வகையில் உள்ள கோபால்ட் உடம்புக்குக் கெடுதல். நிறம் மாறினால் 120 டிகிரி அளவில் அடுப்பில் வைத்து உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். எத்தனை பொட்டலம் வைத்தோம் என்று கவரின் வெளியே எழுதி ஒட்ட வேண்டும். எடுக்க மறந்த ஒரு பொட்டலம் பம்ப்புக்குள் போய் மாட்டினால் வேறு வேலை வந்து சேரும்.

சில்டு வாட்டர், அதாவது சில்லர் குளிர்வித்த தண்ணீர், ஓடும் மூடிய சுற்றின் கதை வேறு. ஆலை முழுக்க நீண்டு வளைந்து போகும் இரும்புக் குழாயை முழுதாக உலர்த்த யாராலும் முடியாது. வடித்துவிட்டால் உள்சுவரில் ஈரப் படலம் மிஞ்சும், புதுக் காற்றும் நுழையும். துருவுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. அதை வடிக்காமல், துருத்தடுப்பு மருந்தும் கிருமிக்கொல்லியும் சரியான அளவில் கலந்து, மேல் மட்டத்தில் காற்றை முழுக்க வெளியேற்றி, வாரம் ஒரு முறை பம்ப்பை ஓட்டித் தண்ணீர் ஒரு சுற்று வரும்படி செய்வதே சரி. தண்ணீர் உறையாமலிருக்கச் சேர்க்கும் கிளைக்கால் கலந்த சுற்றாக இருந்தால் செறிவைச் சோதிக்க வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே நீர்த்துப்போன கிளைக்கால் பாக்டீரியாவுக்கு உணவாகிவிடும்.

வாயு ஓடும் பக்கம்

குளிர்பதன வாயுவை இயந்திரத்திலேயே விட்டு வைப்பதா, எடுத்துச் சிலிண்டரில் பத்திரப்படுத்துவதா என்று பலரும் கேட்பார்கள். சில மாதம் என்றால், பம்ப் டவுன் செய்து, அதாவது கம்ப்ரெசரை ஓட்டியே வாயுவை ஒரு பக்கம் திரட்டி, கண்டென்சரிலோ ரிசீவரிலோ (திரவம் சேரும் தொட்டி) அடைத்து, வால்வுகளை மூடி வைக்கலாம். ஆண்டுக்கணக்கில் என்றால் எடுத்துவிடுவதே நல்லது. ஆர்-22 போன்ற வாயுக்கள், ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி படிப்படியாக விடைபெறுகின்றன. கசிந்து போனால் சூழலுக்கும் கேடு, மீண்டும் வாங்க விலையும் அதிகம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உள்ளே வாயு திரவமாகவும் இருக்கும் வரை, கேஜ் காட்டுவது வெப்பநிலைக்கு உரிய அழுத்தத்தை மட்டுமே. ஆர்-134ஏ என்ற வாயு 35 டிகிரியில் சுமார் 8 பார் (பார் என்பது அழுத்த அலகு) காட்டும். உள்ளே 200 கிலோ இருந்தாலும் 8 பார், கசிந்து 20 கிலோ மிஞ்சினாலும் அதே 8 பார். கடைசிச் சொட்டுத் திரவம் தீரும் வரை முள் அசையாது. "கேஜ் சரியாத்தான் இருக்கு" என்று நம்பி, முக்கால்வாசி வாயு போன பிறகு விழிக்கும் ஆலைகள் உண்டு. வாயுவை உள்ளே வைத்தால் லீக் டிடெக்டர் கொண்டு இணைப்புகளையும் வால்வு கழுத்துகளையும் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாயுவை எடுத்துவிட்ட இயந்திரத்தை வெற்றிடமாகவோ வெறும் காற்றோடோ விடக்கூடாது. வெற்றிடம் சின்னக் கசிவிலும் ஈரக் காற்றை உறிஞ்சும். உலர்ந்த நைட்ரஜனை, உற்பத்தியாளர் சொல்லும் மெல்லிய அழுத்தத்தில், வழக்கமாக ஒரு பார் அல்லது அதற்குக் கீழே, நிரப்பி வைக்க வேண்டும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருப்பதால் கசிந்தாலும் வெளியேதான் போகும். ஈரம் உள்ளே வராது. புதிய வகைப் பாலியால் எஸ்டர் ஆயில் உள்ள இயந்திரங்களுக்கு இது உயிர்நாடி. அந்த ஆயில் ஈரத்தை ஆவலோடு இழுக்கும், ஈரத்தோடு சேர்ந்து மெல்ல அமிலமாகும், அமிலம் மோட்டார் சுற்றின் வார்னிஷைத் தின்னும்.

நைட்ரஜன் கேஜ் மட்டும் பொய் சொல்லாது. ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு வாட்ச்மேன் மெக்கானிக்கிடம் சொன்னது: "காலையில ஒண்ணு காட்டுது அண்ணே, மத்தியானம் பாத்தா கூடிப்போகுது, ராத்திரி மறுபடி இறங்குது. லீக்கா இருக்குமோ?" லீக் இல்லை. விடியலில் 25 டிகிரியில் 1 பார் காட்டிய நைட்ரஜன், தகரக் கூரை சூட்டில் 40 டிகிரி ஆனால் 1.1 பார் காட்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், விடியற்காலையில் பார்த்து, அழுத்தத்தோடு வெப்பநிலையையும் எழுத வேண்டும். அந்த வாட்ச்மேனின் கண் ஒரு மெக்கானிக்கின் கண்ணுக்குக் குறைந்ததல்ல. முள் அசைவதைப் பார்த்ததே பெரிய விஷயம்.

பாதுகாப்பில் இரண்டு எச்சரிக்கை. நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் மாட்டக்கூடாது. ஆயிலும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும். வெல்டிங் பட்டறைப் பழக்கத்தில் கைக்குக் கிடைத்த சிலிண்டரை மாட்டும் வழக்கம் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். இரண்டாவது, நைட்ரஜனுக்கு மணமில்லை. மூடிய அறையில் அது பெருகினால் மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் ஆள் சாய்வார். கதவு சன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை.

ஐஸ் ஃபேக்டரிகளும் பெரிய கிடங்குகளும் வைத்திருக்கும் அம்மோனியா இயந்திரங்களில் இன்னும் கவனம் தேவை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஐஸுக்குத் தேவை சரியும் அந்தக் காலம் முன்கூட்டியே தேதி தெரிந்த ஓய்வு. திட்டம் போட்டு நிறுத்த நல்ல வாய்ப்பு. ஐஸ் கேன்கள் நிற்கும் உப்புநீர்த் தொட்டியில் நீர் மட்டக் கோடு இருக்கும் இடத்தில்தான் கேன் ஓட்டையாகும். ஆக்சிஜன் ஏற்றத்தாழ்வு என்ற அதே காரணம். கேன்களைத் தூக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, கவிழ்த்து வைத்தால் ஆயுள் கூடும்.

சுற்றும் பாகங்களும் மின்சாரமும்

பேரிங் ஒரே நிலையில் மாதக்கணக்கில் நின்றால், குண்டுக்கும் பாதைக்கும் நடுவில் உள்ள ஆயில் படலம் பிதுங்கிப்போய் உலோகமும் உலோகமும் தொடும். பக்கத்தில் வேறு இயந்திரங்கள் ஓடி தரை அதிர்ந்தால், நின்ற பேரிங்கிலேயே சின்னச் சின்னக் குழிகள் விழும். மாதம் ஒரு முறை ஷாஃப்ட்டை (சுற்றும் தண்டை) கையால் சில சுற்று சுற்றி, முன்பு நின்ற இடத்திலிருந்து கால் சுற்றாவது தள்ளி நிறுத்த வேண்டும். ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, எந்தப் பக்கம் நின்றது என்று குறித்துக்கொண்டால் போதும். மோட்டார் வெளியே இருக்கும் ஓப்பன் டைப் கம்ப்ரெசரில் இந்தச் சுற்றல் ஷாஃப்ட் சீலின் கார்பன் முகத்திலும் ஆயிலைப் பரப்பும். இல்லையென்றால் ஓட்டும் நாளில் சீல் ஒட்டிக் கிழியும். பெல்ட்டுகளைக் கழற்றி நிழலில் தொங்கவிடுவதே நல்லது.

மோட்டாருக்குள் ஹீட்டர் இருந்தால் அதற்கு மட்டும் மின்சாரம் கொடுத்து வைக்க வேண்டும். மின்கட்டணம் மிச்சம் என்று அதை அணைப்பது தவறான சிக்கனம். வருடத்துக்கு இரு முறை, மழைக்கு முன்னும் பின்னும், மெக்கர் என்ற சோதனைக் கருவியைப் போட்டு மோட்டார் சுற்றின் இன்சுலேஷன் அளவை எழுத வேண்டும். மோட்டாரும் உள்ளேயே அடைபட்ட ஹெர்மெட்டிக் கம்ப்ரெசர் வெற்றிடத்தில் இருக்கும்போது மட்டும் மெக்கர் போடவே கூடாது. வெற்றிடத்தில் குறைந்த வோல்டேஜுக்கே தீப்பொறி பாயும்; நல்ல சுற்றைச் சோதிக்கப் போய் நாமே எரித்துவிடுவோம்.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் டிரைவ்களில் உள்ள கெப்பாசிட்டர்கள் ஒரு வருடத்துக்கு மேல் மின்சாரம் காணாமல் இருந்தால் உள்ளே வேதிப் படலம் தளர்ந்துவிடும். முழு வோல்டேஜை ஒரேயடியாகக் கொடுத்தால் வெடிக்கலாம். குறைந்த வோல்டேஜிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். கண்ட்ரோல் பேனலின் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் அழியும் முன் அவற்றைக் காகிதத்தில் எழுதி, பேனல் கதவுக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும்.

எலி, அணில், குளவி, எறும்பு இவற்றைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். திறந்து கிடக்கும் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டும். எறும்பு காண்டாக்டர் என்ற மின் சுவிட்சுக்குள் போய்ச் சேரும். எலி கறுப்பு ரப்பர் இன்சுலேஷனைக் கடித்துக் கூடு போடும். எல்லாக் குழாய் வாய்க்கும் இரும்புத் தகடும் காஸ்கெட்டும் வைத்து போல்ட் போட்டு மூட வேண்டும். சாக்குத்துணி அடைப்பு மூடி ஆகாது. அது ஈரத்தையும் பிடித்து வைக்கும், எலிக்கும் வழி விடும்.

கூலிங் டவரும் ஒரு நோயும்

நின்ற கூலிங் டவர் மனித உயிருக்கும் சம்பந்தப்பட்டது. 1976-இல் ஃபிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே நிமோனியா போன்ற ஒரு நோய் பரவி 34 பேர் இறந்தார்கள். சில மாதங்களுக்குப் பிறகு கண்டறியப்பட்ட பாக்டீரியாவுக்கு அதனாலேயே லெஜியோனெல்லா என்று பெயர். 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில், சேறும் வழவழப்பும் சேர்ந்த இடத்தில் அது பெருகும். செட்டிநாட்டில் தேங்கிய தொட்டித் தண்ணீர் வருடம் முழுவதும் ஏறக்குறைய அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. பூட்டிய ஆலையைத் திறந்ததும் ஃபேனைப் போட்டால், அந்தத் தண்ணீர் நுண்திவலையாகி ஆட்களின் மூச்சில் கலக்கும்.

நிறுத்தும்போதே தொட்டியை வடித்து, சேற்றை அள்ளி, கழுவி உலர விட வேண்டும். மழைநீர் தேங்காமல் வடிகாலைத் திறந்தே வைக்க வேண்டும். கொசுவுக்கும் அது மருந்து. மரத்தால் ஆன பழைய டவராக இருந்தால் காய்ந்து வெடிக்கும் என்பதால் அவ்வப்போது நனைத்துவிட வேண்டும். திரும்ப ஓட்டும் முன் குளோரின் மருந்து கலந்து, ஃபேனை ஓட்டாமல் தண்ணீரை மட்டும் சுற்ற விட்டு, வடித்து, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். கழுவும் ஆட்களுக்குத் துணி கட்டினால் போதாது. நல்ல சுவாசக் கவசம் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கல்யாண மண்டபங்களுக்கும் இது பொருந்தும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை என்று ஒரு மாதம் முழுக்கப் பூட்டிவிட்டு, தை பிறந்ததும் ஆயிரம் பேர் கூடும் கூடத்துக்கு அப்படியே ஏ.சி. போடுகிறார்கள். தண்ணீரால் குளிரும் பிளான்ட் உள்ள மண்டபங்கள், அந்த மாதத்திலும் வாரம் ஒரு முறை மருந்து கலந்த தண்ணீரைச் சுற்ற விடுவது விருந்தாளிகளுக்குச் செய்யும் மரியாதை.

நோட்டும் ஆளும், பிறகு ஓட்டும் நாளும்

மேலே சொன்ன எதற்கும் பெரிய செலவில்லை. ஒரு நைட்ரஜன் சிலிண்டர், கொஞ்சம் சிலிக்கா ஜெல், மாதம் அரை நாள் ஒரு ஆளின் கூலி. தேவைப்படுவது பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்த ஒரு ஆளும், இயந்திரத்தின் பக்கத்திலேயே தொங்கும் ஒரு நோட்டும்தான். தேதி, நேரம், வெப்பநிலை, அழுத்தம், ஷாஃப்ட் சுற்றியது, மெக்கர் அளவு. கணக்கு எழுதுவதில் பேர் பெற்ற சீமை இது. இந்த நோட்டையும் அதே ஒழுங்கோடு எழுதினால் இயந்திரத்தை விற்கும்போதுகூட விலை பேசும். பழைய சில்லர் வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்க்காமல் அந்த நோட்டைக் கேட்க வேண்டும். நோட்டு இல்லையென்றால் எண்ட் கவரைத் திறந்து காட்டச் சொல்லி, செம்புக் குழாய்களின் சுவர் தேய்ந்திருக்கிறதா என்று காட்டும் எடி கரண்ட் சோதனை செய்த பிறகே பணம் பேச வேண்டும். திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் வருவது மேல்.

ஓட்டும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்க வேண்டும். நைட்ரஜன் அழுத்தம் நிலையாக நின்றிருந்ததா என்று நோட்டில் பார்த்து, அதை வெளியேற்றி, வேக்குவம் பம்ப் வைத்து 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை இறக்கி, பம்ப்பை நிறுத்திய பிறகும் அந்த அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் மிச்சம். நிற்காமல் ஏறினால் கசிவு. வாயுவிலுள்ள ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரைப் புதிதாக மாற்ற வேண்டும். வாயு நிரப்பிய பிறகு கம்ப்ரெசர் ஆயிலைச் சூடாக்கும் கிராங்க்கேஸ் ஹீட்டரை 24 மணி நேரமாவது ஓட விட்டு, ஆயிலில் கரைந்திருக்கும் வாயுவைப் பிரித்த பிறகே கம்ப்ரெசரைத் தொட வேண்டும். முதல் நாள் பாதி லோடில் ஓட்டி, ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஓட்டிய மறுநாள் ஆயில் மாதிரி எடுத்து ஈரமும் அமிலமும் சோதிக்கக் கொடுத்து, முடிவு வரும் வரை முழு லோடு ஏற்றாமல் இருக்க வேண்டும். தண்ணீர் பக்கத்து ஸ்டிரெய்னரை (வடிகட்டியை) முதல் வாரத்தில் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும்; நின்ற காலத்தில் உதிர்ந்த துருவெல்லாம் முதலில் வந்து சேரும் இடம் அதுதான்.